ஊசி குத்தியும் வலிக்காத விரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், அருமனைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். எனக்குக் கிதார் பைத்தியம். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கிதாரில் ஆறு வருஷம் தட்டுத் தடுமாறி வாசித்தேன். அதில் ஆட்டுக்குடல் நரம்பு. கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் சாரல் பிடித்தால் தொய்ந்துபோய் முனகும். கொழும்பில் வேலை பார்த்த அண்ணன் அந்த வருஷம் புதுக் கிதார் ஒன்று வாங்கிவந்தார். எஃகுக் கம்பி! ஒரு தட்டுத் தட்டினால் தெருமுனை வரை கேட்கும்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். முதல் மாதம் இடது கை விரல்நுனிகள் கிழிந்து எரிந்தன. பிறகு நன்றாகக் காய்த்துப் போய்விட்டன. "இஞ்சேருங்க, பிள்ளைய வலது கையால தொடுங்க. கன்னம் கீறுது" என்பாள் மனைவி. நான் சிரித்துக்கொண்டே மறுபடியும் இடது கையால்தான் கிள்ளுவேன்.

ஒரு நாள், பிள்ளைகளுக்குக் குஷ்டம் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிக்கு டாக்டர் ஒருவர் வந்தார். அந்த நோய் வந்தால் தோல் மரத்துப்போகும். அதனால் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொடுவார், தொட்டதும் சொல்ல வேண்டும். ஊசியைக் கண்டதுமே என் வகுப்பு அலறியது. எனக்கு எப்போதும் வீறாப்பு கொஞ்சம் அதிகம். "இதுக்கா இந்தக் கூப்பாடு? இங்க பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

காத்திருந்தேன். டாக்டர் ஏன் இன்னும் தொடவில்லை? வகுப்பிலும் ஒரு சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தேன். என் நடுவிரல் நுனியில் ஊசி குத்திக்கொண்டு நின்றது!

எனக்கு உயிரே போய்விட்டது. மற்ற மூன்று விரல்நுனிகளிலும் குத்திப் பார்த்தார். எதிலும் வலி இல்லை. இப்போது கேட்டால் வேடிக்கையாக இருக்கும், கிதார் என்ற ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

"சாறே, நீங்க அந்த மாமரத்து மூட்டுல போய் இரியுங்க" என்றார் தலைமையாசிரியர். வருகைப் பதிவேட்டை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னார்.

மரத்தடியில் ஒரே நினைப்புதான். காலையில் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளியது இந்தக் கை.

தினமும் என்னோடு உட்கார்ந்து காப்பி குடிக்கும் சக ஆசிரியர் வந்தார். பத்தடி தள்ளியே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்தார். "வெள்ளம் இருக்கு சாறே, எடுத்துக் குடியுங்க." என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். தொண்டை வறண்டு கிடந்தது. குடித்தேன்.

அந்தச் சிரட்டையை எனக்குத் தெரியும். முந்தின வருஷம், பள்ளியில் மணியடிக்கிறவரின் புறங்கையில் வெளுத்த படை ஒன்றைப் பார்த்துவிட்டு, "இனி இவருக்கு இதுல ஊத்திக் குடுத்தா போதும்" என்று தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தவனே நான்தான். ஒரே வாரத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். நல்லதாகப் போயிற்று என்று அப்போது சொன்னேன்.

பிள்ளைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் மரத்தடிக்கு வந்தார். பெருவிரலில் குத்தினார், வலித்தது. உள்ளங்கையும் வலித்தது. முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். விரல்நுனிகளில் பதிந்திருந்த கறுத்த கோடுகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வே, கம்பி ஏதும் இழுக்கீரா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கிதாரைப் பற்றிச் சொன்னேன். சின்னக் கத்தியால் காய்ப்பை ஒரு சீவு சீவிவிட்டு மறுபடியும் குத்தினார். "ஐயோ!" என்று பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வலித்ததற்காக நான் சந்தோஷத்தில் அழுதது அன்று ஒருநாள்தான்.

"ஒண்ணும் இல்ல வே, வெறும் காய்ப்பாக்கும்" என்று டாக்டர் சிரித்தார்.

எல்லாரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அதே சக ஆசிரியர் பித்தளைத் தம்ளரில் காப்பி கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. மணியடிக்கிறவரின் கையில் யாரும் ஊசி குத்திப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் இன்றும் தினமும் கிதார் வாசிக்கிறேன், விரல்களும் காய்த்துத்தான் இருக்கின்றன, ஆனால் அந்தச் சிரட்டைத் தண்ணீர் மட்டும் இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.