ஆறு பிளாஸ்டர்களும் ஒரு மச்சாளும்

நடந்தவை, வரிசைப்படி:

1. சில வருடங்களுக்கு முன் அம்மாவின் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்தோம். முடிந்துவிட்டது என்று நம்பினோம்.
2. இந்த வருடம் முதுகு நோவு வந்தது. வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்று வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டதால் என்று அம்மாவே முடிவு செய்தார்.
3. நோய் முள்ளந்தண்டுக்குப் பரவி ஓர் எலும்பை நொறுக்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது. கால்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன.
4. கொழும்பில் முதுகைப் பிளக்காமல், ஆறு சிறு துளைகள் வழியாகத் திருகாணிகளும் கம்பிகளும் வைத்தார்கள். நரம்பை அழுத்திய பகுதியையும் அகற்றினார்கள்.
5. மறுநாளே அம்மா நடந்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நான் கட்டடப் பொறியியலாளர். சரியும் மரத்தூணுக்கு முட்டுக் கொடுப்பது ஒரு வேலை, அதை அரிக்கும் கறையானை அழிப்பது வேறு வேலை என்று அம்மாவுக்கு விளக்கினேன். கறையானுக்குத்தான் கதிர்ச் சிகிச்சை (ஊரில் ‘கரண்ட் பிடிப்பது’), பிறகு மாத்திரைகள். தாமதித்தால் நடை திரும்பவும் போய்விடலாம். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“உதெல்லாம் பெரிசா வெட்டின ஆக்களுக்கு, பிள்ளை. எனக்கு ஆறு பிளாஸ்டர்தானே.”

மருத்துவமனை குறித்த முதல் தவணைக்குத் தலையிடி வந்தது. அடுத்த தவணைக்குக் கோயில் திருவிழா வந்தது.

அச்சுவேலியில் எங்கள் அயலாருக்கும் உறவுக்காரருக்கும் “டிஸ்க் விலகினது” என்றே சொல்லியிருந்தோம். அது அம்மாவின் கட்டளை. பார்க்க வந்தவர்கள் தோடம்பழத்தை மேசையில் வைத்ததும் காயத்தைக் காட்டச் சொன்னார்கள். பார்த்த பிறகு முகத்தில் ஓர் ஏமாற்றம். தோடம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றுகூட நினைத்தேன்.

உடுப்பிட்டியிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் அக்கா, எந்த நோய் வருத்தத்திலும் அம்மாவைவிட ஒரு படி மேலே இருப்பவர்.

“என்ன மச்சாள், உவ்வளவுதானோ? நுளம்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு. உதுக்கே கொழும்புக்குப் போனனீர்? எனக்குக் கர்ப்பப்பை எடுக்கேக்கை இஞ்சையிருந்து இஞ்சை மட்டும் வெட்டினவை.” சேலைக்கு மேலால் விரலை இழுத்துக் காட்டினார்.

அம்மா சட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்கடை அண்டைக்கே முடிஞ்சுது மச்சாள். என்ரை இனித்தான் இருக்கு. உது சும்மா முட்டுக் குடுத்தது. கான்சர் முள்ளந்தண்டுக்கு வந்திட்டுது. இனிக் கரண்ட் பிடிக்கோணும், பிறகு குளிசை. லேசிலை விடுவினமோ?”

நான் சொன்னதில் ஒரு சொல்லும் தவறவில்லை. எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கிறது. மருத்துவரும் நானும் வாரக்கணக்காகக் கெஞ்சிப் பெறமுடியாத சம்மதம், மாமியின் ஒரே நுளம்புக்கடியில் கிடைத்துவிட்டது.

மாமி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“ஏனடியப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் ஒப்பாரி வைப்பியள்.”

“வைக்கேல்லையே.” மாமி மூக்கைச் சீந்தினார். “எப்ப தொடங்குறது?”

அம்மா என்னைப் பார்த்தார். “எப்ப பிள்ளை?”

“நீங்கள் ஓம் எண்டால் திங்கள்.”

“ஓம் எண்டுதானே இவ்வளவு நேரமும் கதைக்கிறன்!”

“நானும் வாறன்,” என்றார் மாமி. “தனியப் போயிட்டு வந்து பெரிசா அளக்கலாம் எண்டு நினையாதையும்.”

கதிர்ச் சிகிச்சை இப்போது முடிந்துவிட்டது. மாமி எல்லா நாளும் வந்தார். இருவரும் எல்லா நாளும் சண்டை பிடித்தார்கள். அம்மா கோயில்வரை நடந்து போய் வருகிறார். வாளி தூக்கக் கூடாது. நோய் முற்றாகப் போகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; அது அம்மாவுக்கும் தெரியும். அடுத்த ஸ்கேன் மாதக் கடைசியில்.