பயோடேட்டாவில் இல்லாத வரி

சுனில்டா தன் பயோடேட்டாவை மூன்று முறை திருத்தியிருந்தாள். தோழியின் தாளில் கண்ட 'தலைமைப் பண்பு', 'குழுவாக இயங்கும் திறன்' எல்லாம் அவள் தாளுக்கும் வந்திருந்தன. மொழிகள்: ஸ்பானிஷ்; ஆங்கிலம் ஓரளவு.

கொரொனெல் ஒவியெதோ நகரில் கால்நடை மருந்து விற்கும் அந்த நிறுவனத்தில் ஓர் இடம்தான் காலி. அது கிடைக்காவிட்டால், பட்டம் வாங்கிய கையோடு எல்லை தாண்டி, புவெனஸ் ஐரெஸில் வீட்டுவேலை செய்யும் அக்காவிடம் போகவேண்டியதுதான்.

மேலாளர் மிர்த்தா தன்மையாகத்தான் கேட்டாள். "உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லு."

பெயரைச் சொன்னதோடு சுனில்டாவின் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது.

"சரி, விடு. தலைமைப் பண்புன்னு போட்டிருக்கியே, எங்க காட்டின?"

"எல்லாரும் போடுறாங்க மேடம்..."

மிர்த்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லி அனுப்புறோம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சுனில்டாவுக்குத் தெரியும்.

வெளியே கடை முகப்பில், கக்கத்தில் ஐஸ் தண்ணீர்க் குடுவையோடு ஒரு பெரியவர் அந்த மண்ணின் மொழியான குவாரனியில் கத்திக்கொண்டிருந்தார். தலைநகரிலிருந்து வந்த புது விற்பனையாளன் திருதிருவென்று விழித்தான்.

"ஐயா, மெதுவா ஸ்பானிஷ்ல சொல்லுங்க."

"மெதுவாச் சொன்னா என் மாடு எந்திரிச்சு நிக்குமாடா?"

வாசல்வரை போன சுனில்டா திரும்பினாள். "எத்தனை மாடு, பெரியப்பா?" குவாரனியில்தான் கேட்டாள்.

பெரியவரின் குரல் இறங்கியது. "மூணு, தாயி. இவங்க குடுத்த தடுப்பூசியப் போட்டும் நோவு வந்துருச்சு."

"வாங்கின அன்னிக்கே போட்டீங்களா?"

"ரெண்டு நாள் கழிச்சு. அதுவரைக்கும் வண்டி சீட்டுலதான் கிடந்துச்சு."

"நீங்க குடிக்கிற தெரெரேவுக்கு ஐஸ் போடுறீங்க. மருந்தை வெயில்ல காய வெச்சிட்டீங்களே."

பெரியவர் குடுவையைப் பார்த்தார். "அட, மருந்துப் பெட்டியில என்னமோ எழுதியிருந்துச்சு. நான் எங்க படிச்சேன்" என்று முனகியவர், ஐஸ் தண்ணீரில் ஊறிய அந்த மூலிகைத் தெரெரேயை ஊற்றி அவளிடம் நீட்டினார். மாட்டு டாக்டரை அன்றே அவர் ஊருக்கு அனுப்பும்படி சுனில்டா விற்பனையாளனிடம் சொன்னாள். அவன் போனை எடுத்தான்.

மிர்த்தா கதவருகே நின்றிருந்தாள். "குவாரனிய ஏன் எழுதல?"

"வீட்ல பேசுறதுதானே மேடம். அதைப் போய் யாரு எழுதுவா?"

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதுலதான் எங்களைத் திட்டுறாங்க. எங்களுக்கு முழுசாப் புரியறதுகூட இல்ல." அவள் பயோடேட்டாவையும் ஒரு பேனாவையும் நீட்டினாள். "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடு."

சுனில்டா முதலில் ஆங்கிலத்தைக் கோடு போட்டு அடித்தாள். சற்று யோசித்து, தலைமைப் பண்பையும் அடித்தாள்.

"தாயி, இன்னொரு வாய் குடி" என்றார் பெரியவர்.

"இருங்க பெரியப்பா, ஒரு வரி எழுதிக்கிறேன்."