முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவள் இப்படி எழுதத் துணிந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

அவரை நினைத்தால் முதலில் வருவது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. இணையப் பக்கத்தின் அடியில் இருக்கும். அதற்குள் ஆறு பச்சை எண்கள். யாராவது பக்கத்தைத் திறந்தால் ஒன்று கூடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த ஆண்டுகளில் அது இல்லாத பக்கம் குறைவு. கவுண்டர் என்போம்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல, முதலாளி. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், டெப்பனர் என்கிற சின்ன மூலைக்கடை ஒன்றுக்கு மேல் இரண்டு அறைகளில் விளம்பர நிறுவனம் நடத்தினார். தமிழ்க் கடைகளுக்குத் துண்டுப் பிரசுரமும் நாட்காட்டியும் செய்து கொடுத்தோம். டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, தமிழ் தட்டெழுதத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக வேலைக்கு எடுத்தவர். எல்லாரும் இணையம் இணையம் என்று கதைக்கத் தொடங்கியபோது அவரும் அதில் இறங்கினார். அந்த வேலை என்னுடையது. அது எடுபடாவிட்டால் நான் திரும்பவும் கோப்பை கழுவத்தான் போகவேண்டும். அக்கா அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

முதல் வாடிக்கையாளர், கல்யாண மேடைக்கு மணவறை வாடகைக்கு விடுகிற ஒரு அண்ணை. அவருடைய மணவறையைச் சுற்றி மினுங்கும் விளக்குகளும் ஓடும் எழுத்துகளுமாக ஒரு பக்கம் செய்தோம். அப்போது அதுதான் நாகரிகம். காலையில் கந்தோர் அறைகளைத் திறந்ததும் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்துவோம். அடுத்த வேலை, இரண்டு கணினியிலும் அந்தப் பக்கத்தைத் திறப்பது. வீட்டுக்குப் போயும் நான் ஒருமுறை திறப்பேன். லண்டனில் இருந்த தங்கைக்கும் நோர்வேயில் இருந்த மச்சாளுக்கும் அக்கா சொல்லி வைத்திருந்தார். விசேஷத்துக்குச் சொன்னால் வந்து தலையைக் காட்டுவதுபோல, அவர்களும் நாள் தவறாமல் திறந்தார்கள். எண் ஏற ஏறப் பூரித்துப்போனோம். ஏற்றுவது நாங்கள்தான் என்பது புத்தியில் படவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அண்ணை படியேறி வந்தார். அன்று எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. சந்தோஷத்தில் அவரால் இருக்க முடியவில்லை. இனித் துண்டுப் பிரசுரமே வேண்டாமாம். முந்நூறு பேர் பார்க்கிறபோது ஒரு மணவறை எப்படிப் போதும், வீட்டை ஈடு வைத்து இந்தியாவிலிருந்து இன்னொன்று எடுப்பிக்கப் போகிறாராம். வேறு இரண்டு கடைக்காரரையும் எங்களிடம் வரச் சொல்லியிருக்கிறாராம்.

"பக்கத்தைப் பாத்திட்டு எத்தினை பேர் போன் எடுத்தவை, அண்ணை?" என்று அக்கா கேட்டார்.

"இன்னும் ஒருத்தரும் இல்லை. ஆனா முந்நூறு பேர் பிள்ளை, சும்மாவே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேத்தண்ணீர் போடும் சாக்கில் அக்காவை உள் அறைக்குக் கூப்பிட்டு விரல் மடித்துக் காட்டினேன். கந்தோரில் இரண்டு, என் வீட்டில் ஒன்று, லண்டன், நோர்வே. ஒரு நாளைக்கு ஐந்து. இரண்டு மாதம்.

"அப்ப வெளியாக்கள்?"

"பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் பெரிய காரியம், அக்கா."

கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் அந்த இரண்டு கடைகளும் வந்துவிடும். சொன்னால் இணைய வேலை முழுவதும் போகலாம், அதோடு நானும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அவர் வெளியே போய்விட்டார்.

"அண்ணை, அந்த முந்நூறும் நாங்கள்தான். நான்தான் எல்லாரையும் திறந்து பாக்கச் சொன்னனான். வீட்டை ஈடு வைக்காதேங்கோ."

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணை அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார்.

"நோர்வேயிலை இருந்து ஆர் பிள்ளை என்ரை மணவறையை வாடகைக்கு எடுக்கிறது" என்று, விவரம் கேட்டறிந்த பிறகு, மெல்லச் சொன்னார். "கடைக்காரருக்கு முந்நூறு எண்டு சொல்லிப்போட்டன். இனி என்னத்தைச் சொல்ல?"

"பூச்சியம் எண்டு சொல்லுங்கோ."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கவுண்டரைத் திருப்பிவைக்கும்படி அக்கா எனக்குச் சொன்னார். திருப்பினேன். அண்ணை ஆறு பூச்சியத்தையும் உற்றுப் பார்த்தார். "இப்பதான் புதுக்கடை மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். லண்டனுக்கும் நோர்வேக்கும் அக்கா அன்றே போன் எடுத்து, இனித் திறக்க வேண்டாம் என்றார்.

அந்த இரண்டு கடைக்காரரும் வரவில்லை. அண்ணை எங்களை விட்டுப் போகவில்லை. நான் கோப்பை கழுவவும் போகவில்லை.

இப்போது கைபேசியில் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடுகின்றன. அவற்றை விலைக்கும் வாங்கலாம் என்று என் மகள் பிரெஞ்சும் தமிழுமாகச் சொல்லிச் சிரிக்கிறாள். பெரிய எண் ஒன்றைக் காணும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்த ஆறு பூச்சியம்தான் என் கண்ணுக்குத் தெரியும். அதைப் போடச் சொன்னவரிடம் வேலை செய்தேன் என்பது, நான் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்று.

அண்ணை வந்துபோன மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்குக் கொளுத்தினோம், பக்கத்தைத் திறக்கவில்லை. மாலையில் ஒரே ஒரு தடவை பார்த்தோம். எண் நான்கு. அதில் ஒன்று நாங்கள்.