கண்ணைக் கட்டிக்கொண்டு படித்தவள்

மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், பள்ளி விட்டபின் சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்புகளில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அங்கே அபாகஸ் உண்டு, கையெழுத்துப் பயிற்சி உண்டு, சதுரங்கமும் உண்டு. தமிழ் இலக்கியம் படிக்கிறவள் என்பதால் எனக்குக் கதைநேரத்தைக் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள். பாதிப் பேர் கையில் பிஸ்கட் இருக்கும், மீதிப் பேர் கையில் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட் இருக்கும். நான் அதிகம் பேசாதவள். கதை சொல்லும் நேரத்தில் மட்டும் பேசினால் போதும் என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் நேரத்துக்கு முன்னால், அதே கூடத்தில், கண்கட்டு வகுப்பு நடக்கும். விளம்பரத் தாளில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. கண்கட்டு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். பிள்ளை அதைத் தடவி, முகர்ந்து, நிறத்தைச் சொல்ல வேண்டும். தேறியவர்கள் எழுத்தையே படிக்க வேண்டும். மூளைக்குள் உறங்கும் உள்கண்ணைச் சின்ன வயதிலேயே திறந்துவிட்டால் படிப்பு தானாக வரும் என்பது அந்த நிலையத்தை நடத்தியவரின் நம்பிக்கை. அவரை எல்லோரும் மேடம் என்போம். அவர் மனமறிந்து ஏமாற்றியவர் அல்லர் என்றே இன்றும் நினைக்கிறேன். தம் பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டியவர் அவர்.

முதல் நாள் சற்று முன்னதாகப் போய்விட்டேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் அட்டையைக் கொடுத்ததும் தலையை அண்ணாந்து, அதை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய், பூவை முகர்வதுபோல் முகர்ந்தாள்.

"பம்... பரம்."

மேடம் அட்டையை என் பக்கம் திருப்பினார். பம்பரம் என்றுதான் எழுதியிருந்தது.

"என்னம்மா, அப்படியே நின்னுட்டே? மொதல்ல பாக்கறவா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்" என்று மேடம் சிரித்தார். "மத்த கொழந்தைகள் நெஞ்சுக்கிட்ட வெச்சுண்டு படிக்கும். இவ மூக்குலயே ஒட்டிண்டுடுவா. அவ்ளோ டீப்பா ஸ்மெல் எடுக்கறா. இவதான் நம்ம ஸ்டார்."

அந்த நட்சத்திரத்தின் அம்மா பக்கத்துத் தெருவில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தார். அப்பா கால் டாக்சி ஓட்டுபவர். மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் வீடியோவை, வண்டியில் ஏறும் சவாரிக்கெல்லாம் காட்டுவாராம்.

ஒரு மழைநாளில் பிள்ளைகள் வரத் தாமதமாயிற்று. துவைத்த கறுப்புத் துணிகள் கூடத்துக்குள் கட்டிய கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து இறுக்கமாகக் கட்டிக்கொண்டேன். முழு இருட்டு. பிறகு, அந்தச் சிறுமி செய்ததுபோல, தலையை அண்ணாந்து உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்தேன். மூக்குத் தண்டின் இரு பக்கமும் துணி படியாமல் விட்ட இடுக்கில் என் கைரேகைகள் துல்லியமாகத் தெரிந்தன. துப்பட்டா ஓரத்தில் பிரிந்திருந்த நூல்கூடத் தெரிந்தது.

துணியை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பிஸ்கட் காணாமற்போனால் மறுநொடியே "மிஸ், அவன்தான் மிஸ்" என்று காட்டிக்கொடுக்கும் பிள்ளைகள் இவர்கள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு பிள்ளைகூட மூச்சு விட்டதில்லை. ஆறேழு வயதில் இத்தனை கட்டுப்பாடு எப்படி வந்தது என்று எண்ணியபோது எனக்குப் பயமாகவே இருந்தது.

சில நாட்கள் கழித்து, கதையில் வந்த விலங்குகளின் பெயர்களைப் பலகையில் எழுதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கச் சொன்னேன். அந்தச் சிறுமியின் முறை வந்தது. எழுந்தாள், நேரே நடந்து வந்து பலகையில் மூக்கு உரச நின்றாள்.

"ஏய், தள்ளுடி! உன் மண்டைய யாரு படிக்கிறது?"

"மிஸ், இவ எப்பவும் இப்டித்தான் மிஸ். போர்டை நக்கிடுவா!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவளைப் பழைய இடத்தில் உட்காரவைத்து, "இங்கேருந்தே படிம்மா" என்றேன்.

"இங்கேர்ந்து ஒண்ணும் இல்லியே மிஸ். வெள்ளையா கீது. எழுத்து கிட்ட போனாத்தானே வரும்?"

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் அவளை அருகில் உட்காரவைத்துக்கொண்டேன். "மத்தவங்க எல்லாரும் உக்காந்த இடத்துலேருந்தே படிச்சாங்களே, அது எப்படி?" என்று கேட்டேன்.

அவள் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்களுக்கெல்லாம் உள்கண்ணு தொறந்துடுச்சு மிஸ். எனக்குத்தான் இன்னும் தொறக்கல. நான் சந்துல பாத்துத்தான் படிக்கிறேன். மேடம்கிட்ட சொல்லிடாதீங்க மிஸ். அம்மாகிட்டயும்."

கைநீளத்துக்கு அப்பால் அவளுக்கு உலகம் வெறும் வெளுப்பு. மற்றப் பிள்ளைகளுக்கு இயல்பாக வாய்த்த பார்வையை அவள் அற்புதம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் தான் ஒருத்திதான் திருடி என்றும் நம்பிக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் அவள் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். அவளுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை, கண் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னதை அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"ஸ்கூல் மிஸ்சும் இதையேதான் சொன்னாங்க. வீடியோவைக் காட்டினேன், கம்முனு ஆயிட்டாங்க. கண்ணைக் கட்டினாலே படிக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்கு மிஸ் கண்ணாடி? இப்பவே கண்ணாடி மாட்டிட்டா உள்கண்ணு மூடிக்கும்னு அவங்கப்பா வேற பயப்படுறாரு."

கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டியிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு மாவுக் கடை இருந்தது. அதன் பலகை, தெருமுனையிலிருந்தே படிக்கும்படி சிவப்பில் கொட்டை எழுத்தாக எழுதப்பட்டிருந்தது. "அதைப் படிக்கச் சொல்லிப் பாருங்க" என்றேன்.

"இதென்ன பெரிய விசயமா? படிடி, மிஸ் கேக்குறாங்க."

சிறுமி கையிலிருந்த வெட்டுத்துணியைக் கீழே போட்டாள். கடைப் படியில் இறங்கினாள். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. வகுப்பில் பலகையை நோக்கிப் போனதுபோலவே நேராகத் தெருவுக்குள் நடந்தாள். ஒரு ஷேர் ஆட்டோ அலறிக்கொண்டு ஒடித்து நின்றது. மடியிலிருந்த கத்தரிக்கோல் தெறித்து விழ, அம்மா பாய்ந்து அவள் சட்டையைப் பற்றி இழுத்தார்.

"எங்கடி போற, சாவுகிராக்கி!"

"நீதானே படிக்கச் சொன்னே? எழுத்து அங்கதானேம்மா கீது?"

ஆட்டோக்காரர் திட்டித் தீர்த்துவிட்டுப் போகும்வரை அம்மா அவளை விடவில்லை. பிறகு வாசலில் நிறுத்தி, தான் கடையின் உட்சுவர் வரை பின்னால் நகர்ந்தார்.

"என் மூஞ்சி தெரியுதாடி?"

"நீ கீறேன்னு தெரியுது."

"மூஞ்சி?"

"மூஞ்சிதான் வீட்ல பாத்துக்கீறேனே."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டி சூடேறி, அருகில் கிடந்த துணி பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் நினைவு திரும்பியது.

கண் மருத்துவர் கடுமையான கிட்டப்பார்வை என்றார். ஒரு வாரத்துக்குள் தடித்த கண்ணாடி வந்துவிட்டது. மாடிப்படியின் கீழே அம்மா என்னைத் தனியே நிறுத்தி, "அப்போ அந்தக் கண்கட்டு?" என்று கேட்டார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவங்கப்பா ஊரு பூரா சொல்லி வெச்சிக்கீறாரு மிஸ்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களுக்கான நிகழ்ச்சி. அவளை அழைத்துவர மாட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தாள், பட்டுப்பாவாடையும் புதுக் கண்ணாடியுமாக. கூடம் நிறைந்து, படிக்கட்டு வரை ஆட்கள். கண்ணாடி இனி எல்லாவற்றையும் முடித்துவிடும், மேடமே கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மேடம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, சபைக்கு உயர்த்திக் காட்டினார்.

"பாத்தேளா? வெளிக்கண்ணு இவ்ளோ வீக்குன்னு டாக்டரே சொல்லியிருக்கார். இந்தக் கொழந்தைதான் கண்ணைக் கட்டிண்டு படிக்கறா. இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?"

எந்த மருத்துவம் அந்தப் பொய்யை உடைக்கும் என்று நம்பினேனோ, அதுவே அதற்குச் சாட்சியாகிவிட்டது. துணி கட்டப்பட்டது. அட்டை மூக்கு நுனிக்குப் போனது. சிறுமி படித்தாள். கைதட்டல் கூரையை முட்டியது. அப்பா போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த அம்மா தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தார்.

மேடம் துணியை அவிழ்த்து, தம் கையாலேயே கண்ணாடியை மாட்டிவிட்டு, சிறுமியின் தோளைப் பிடித்துச் சபையைப் பார்க்கத் திருப்பினார். அவள் சிரித்துக்கொண்டுதான் திரும்பினாள்.

இத்தனை நாளும் கைதட்டல் அவளுக்கு வெறும் சத்தமாகவே இருந்திருக்க வேண்டும். இப்போது முன்வரிசையிலிருந்து படிக்கட்டு வரை அவளுக்கு முகங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள். அவள் சிரிப்பு மெல்ல உதட்டிலேயே நின்றது. பின்சுவரோரம் நின்ற என்னைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"மிஸ், இவ்ளோ பேரா பாத்துக்கினு இருந்தாங்க?"

சபை கொல்லென்று சிரித்தது. "சமத்து!" என்று மேடம் கன்னத்தைத் தட்டி, அடுத்த அட்டைக்காகத் துணியை மறுபடி விரித்தார். சிறுமி இரண்டு கைகளாலும் கண்ணாடியை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் மேடம்."

"ஒரே ஒண்ணு, கண்ணா. அப்பா வீடியோ எடுக்கறார் பாரு."

"வாணாம்."

மேடம் சிரித்தபடியே அந்த விரல்களை விலக்கப் பார்த்தார். விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அவள் பிடித்திருந்தாள். அப்போது அம்மா எழுந்தார். உயர்ந்திருந்த போன்களுக்கெல்லாம் குறுக்கே நடந்து சென்று, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தார். ஆட்கள் வழிவிட்டார்கள். அம்மாவின் தோளுக்கு மேலாக, கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே, அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.