லாரிசாவிடம் யார் சொல்வது

நடாஷா என்ற பெயரைக் கேட்டாலே டேவிட்சனுக்கு இடது முழங்கால் வலிக்கும். ஆறு வருஷத்து வலி. அதைவிடப் பெரிய வலி, அன்றைக்குப் பாலுசாமி நடந்துகொண்ட விதம். சினை ஊசி போட வந்த மனுஷனைப் பசு ஓர் உதை விட்டுச் சாணிக்குழியில் தள்ளிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த பாலுசாமி, விழுந்து கிடந்தவனைத் தாண்டிப் போய்ப் பசுவின் காலைத் தடவி, "நடாஷா, வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

மாட்டுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிற ஆள் கிணத்துக்கடவு வட்டாரத்திலேயே பாலுசாமி ஒருத்தர்தான். மனுஷருக்குப் போடுவதில் பெருமை ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் பிறக்கும்போதே வருவது. பாலுசாமி மாட்டுக்கும் போடுவார். "தமாரா, கொஞ்சம் நகருங்க" என்பார். நகராவிட்டால் அதற்காக அடிக்க மாட்டார், தள்ள மாட்டார், நின்று காத்திருப்பார். கேனோடு நிற்கிற பால்காரர்தான் பல்லைக் கடிப்பார்.

மூன்று ஏக்கர் தென்னை, நடுவில் ஓர் ஓட்டு வீடு, வீட்டைவிடக் காற்றோட்டமாக ஒரு கொட்டகை, அதில் மூன்று கலப்பினப் பசுக்கள். பாலுசாமிக்கு இது போதும். கோயம்புத்தூருக்குப் போனாலும் சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிடுவார். மகள் மானசாவின் கல்யாணத்தன்றுகூட மண்டபத்திலிருந்து நழுவி வந்து கொட்டகையை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் தாரை வார்க்கப் போனார்.

மாடுகளுக்கு ரஷ்யப் பேர் வந்த கதை இதுதான். வாலிப வயதில் அவர் முடிவெட்டப் போன கடையில் ரஷ்யாவிலிருந்து வந்த வழுவழுப்பான பத்திரிகை ஒன்று கிடந்திருக்கிறது. எழுத்து தமிழில்தான். உள்ளே பெரிய பண்ணையின் கலர்ப்படம், அதற்கடியில் நடாஷா, தமாரா, லாரிசா என்று போட்டிருந்தது. பல வருஷம் கழித்து முதல் சீமைப்பசுவை ஓட்டி வந்த அன்றைக்கு அந்தப் பேர்கள் ஞாபகத்துக்கு வந்தன. சீமைமாட்டுக்குச் சீமைப் பேர் என்று வைத்துவிட்டார். ஒன்று போனால் அதன் கன்றுக்கு அதே பேர். இப்போது கொட்டகையில் நிற்பது மூன்றாவது லாரிசா.

போன வெள்ளிக்கிழமை தமாராவைப் பார்க்க டேவிட்சன் வந்தார். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த மானசா, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மாமியார் வீட்டார் வந்து, பேர் வைத்து, பிள்ளையை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

"அப்பா, பேரு மூணுல வந்து நிக்குதுங்க. அத்தைக்கு மூணுமே புடிச்சுப்போச்சு. ரஷ்யப் பேருன்னா ஸ்டைலா இருக்குதாமா. நீங்க ஒண்ணச் சொல்லுங்க."

"என்னென்ன பேரு கண்ணு?"

"நடாஷா, தமாரா, லாரிசா."

பாலுசாமி தீவனக் கூடையைக் கீழே வைத்தார். மூன்று மாடுகளும் திரும்பிப் பார்த்தன.

"இந்தப் பேரெல்லாம் அந்தம்மாவுக்கு ஆரு சொன்னது?"

"நாந்தானுங்க. நெட்டுல தேடிப் புடிச்சேன்னு சொல்லிப்போட்டேன்."

டேவிட்சன் கையுறையைக் கழற்றிக்கொண்டே குறுக்கே புகுந்தார். "ஏனுங்க அம்மணி, எது வெச்சாலும் நடாஷா மட்டும் வேண்டாங்க. அது உதைக்கும்."

"மாமா, இது கொழந்தைங்க."

"இப்பக் கொழந்த. வளருமில்ல?"

"தமாராவும் வேண்டாங் கண்ணு," என்றார் பாலுசாமி. "வேலி தாண்டற பேரு அது. எப்பப் பாரு அடுத்தவன் சோளக்காட்டுலதான் நிக்கும்."

"நல்லதுதானுங்களேப்பா. எம்புள்ள நாலு எடம் போயிட்டு வரட்டும்."

"போலாமுங்க. ஆனா காட்டுக்காரன் வந்து சத்தம் போடறப்ப உங்க மாமியாருதான பதில் சொல்லோணும்?" என்றார் டேவிட்சன்.

மானசா சிரித்ததில் குழந்தை அசைந்தது. முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அப்ப லாரிசா."

லாரிசாவைக் குறை சொல்ல டேவிட்சனாலும் முடியவில்லை. "அது தங்கமுங்க. ஊசி போட்டாலும் கூட்டத்துல ஆரோ இடிச்சாப்புல நின்னுக்கும். நேரத்துக்குத் திங்கும், நேரத்துக்குப் படுக்கும்."

"எனக்கும் அதுதானுங்க ஆசை. ஸ்கூல்ல மார்க்கு கொறஞ்சா இந்த லாரிசாவோட அம்மா கழுத்தக் கட்டிட்டுத்தான அழுவேன்? உங்ககிட்ட வந்தா அழுதேன்?"

பாலுசாமி லாரிசாவின் கழுத்தை ஒருதரம் தடவினார். ஆனாலும் தலையை ஆட்டினார். "வெளையாட்டில்ல கண்ணு. மொதல்ல கேக்கறப்ப ஸ்டைலாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம உங்கத்தை இங்க நிக்கறப்ப நான் மறந்தாப்புல லாரிசான்னு கூப்புட்டு, மாடு தலையத் தூக்கிப் பாத்துதுன்னா? எம்பேத்திய ஆயுசுக்கும் மாட்டுப் பேருக்காரின்னு சிரிப்பாங்க. நம்மூருல மட்டுமில்ல, ரஷ்யாவுலயே அது மாட்டுப் பேருதான். நான் படத்தோட பாத்திருக்கறேன்."

"படத்துல என்னங்க இருந்துச்சு?"

"மூணு மாடு. பக்கத்துல பால்வாளியோட மூணு பொம்பளைங்க. கீழ மூணு பேரு."

"அந்தப் பொம்பளைங்களுக்குப் பேரே இல்லீங்களா?"

பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு, முடிவெட்டும் கடைக்கே திரும்பப் போய்விட்டவர் மாதிரி நின்றார். திறந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் மாட்டத்தான் கண்ணு பாத்தேன்," என்றார்.

டேவிட்சன் சிரிப்பை அடக்கமுடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். அடுப்படி ஜன்னலிலிருந்து மானசாவின் அம்மாவுடைய குரல் வந்தது: "இந்த ஊட்டுப் பொம்பளைக்குங்கூட ஒரு பேரு இருக்குதுங்க. கலியாணமாயி வந்த நாள்ல இருந்து 'ஏ புள்ள'தான். மாட்டுக்குன்னா வாங்க, போங்க!"

பாலுசாமி ஜன்னல் பக்கமே திரும்பாமல் மகளிடம் கையை நீட்டினார். குழந்தையைக் கையில் வாங்கினார்.

"அப்ப லாரிசாங்கறது மனுசி பேரு."

"ஆமாங்ப்பா."

"வாளி தூக்கிட்டு நின்ன பொம்பளையோட பேரு."

"ஆமாங்ப்பா."

"லாரிசா," என்று பிள்ளையின் முகத்தருகே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. பின்னாலிருந்து "ம்மா" என்று பதில் வந்தது.

"பேத்திக்கே இருக்கட்டும்," என்றார் பாலுசாமி. "அவங்களுக்கு வேற பேரு வெச்சுக்கலாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள பழக்கிப்போடறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் டேவிட்சனுக்குப் போன் வந்தது, உடனே வரச்சொல்லி. கன்று போடுகிற அவசரமோ என்று வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தார். மூன்று மாடுகளும் நன்றாக இருந்தன. பாலுசாமிதான் கொட்டகைக்கு வெளியே, தென்னையடியில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கறவை இன்னும் ஆகவில்லை.

"என்னாச்சுங்ணா?"

"பழக மாட்டீங்குதுங்க டாக்டரே." டேவிட்சன் டாக்டர் இல்லை, ஊர் அப்படிக் கூப்பிடும். "சிவகாமின்னு கூப்புட்டேன். மல்லிகான்னு கூப்புட்டேன். உங்க வழக்கத்துல ரோசின்னுகூடக் கூப்புட்டுப் பாத்துப்போட்டேன். ஆரையோ கூப்படறேன்னு அவங்க பாட்டுக்குத் திங்கறாங்க."

"திங்கட்டும். தீவனத்தக் காட்டிக் கூப்படுங்க, ரெண்டு நாள்ல வந்துரும்."

"விசயம் அதில்லீங்க. நேத்து வரைக்கும் ஒரு பேரு. இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லாம நான் வேற பேரு சொன்னா, அவங்க என்ன நெனைப்பாங்க? சொல்லிப்போடலாம்னு காலைல இருந்து மூணு தரம் உள்ள போயிட்டேன். மூஞ்சியப் பாத்ததும் வாய் வரமாட்டீங்குது."

டேவிட்சன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். லாரிசா தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி, வாயோரம் வைக்கோல் தொங்க, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு நானென்னங்க பண்ணறது?"

"ஒரே ஒரு ஒத்தாசை டாக்டரே. உங்க மேல அவங்களுக்கு நல்ல மரியாதை. நீங்க உள்ள போயி, பேரு பாப்பாவுக்குப் போயிருச்சு, இனிமேப்பட்டு சிவகாமின்னு, அவங்க மனசு நோகாமப் பக்குவமாச் சொல்லிப்போட்டு வாங்க."