ஜன்னல் கள்ளிக்குத் தண்ணி ஊத்தினது யாரு

கள்ளி வளர்க்கிறதுல கஷ்டமான வேலை, தண்ணி ஊத்தாம இருக்கிறதுதான். மத்ததெல்லாம் சும்மா. பாதி ஆத்து மணல், பாதி மண்ணு, கொஞ்சம் செங்கல் ஜல்லி, அவ்வளவுதான். நான் வளர்த்தது ஜிம்னோ, தென் அமெரிக்கச் சாதி. எலுமிச்சம்பழ அளவு உருண்டை, அதுமேல உருண்டையைவிடப் பெருசா ஒரு ரோஸ் பூ. ஆனா கார்த்திகையிலருந்து தை முடியற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. காஞ்சு சுருங்கினாத்தான் அப்புறம் மொட்டு வைக்கும்.

என்கிட்ட அஞ்சு தொட்டி இருந்தது. மழைக்காலத்துல மாடியிலருந்து கீழ எறக்கிடுவேன். ஹால்ல தறி இருக்கு, அங்க வைக்க முடியாது. பட்டு இழையில முள்ளு மாட்டினா என் உயிரை வாங்கிடும். அதனால போன வருஷம் என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல்ல வச்சேன்.

அவருக்குக் கிட்னி போயிடுச்சி. வாரத்துக்கு ரெண்டு தடவை கண்ணமங்கலம் வழியா வேலூருக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிகினு வருவோம். குடிக்கிற தண்ணிக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தார். காலையில அதை ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சிடுவேன். அதுக்குமேல அவர் கெஞ்சினாலும் கிடையாது. "ராட்சசி"ம்பார். "ஆமா, ராட்சசிதான். நீங்க உயிரோட இருங்க"ன்னுட்டு தறியில போய் உக்காந்துக்குவேன்.

தை மாசம் ஒரு சாயங்காலம் ஜன்னலைத் துடைக்கப் போய்ச் செடியைத் தொட்டா, விரல் உள்ள போவுது. அடியெல்லாம் அழுகிக் கொழகொழன்னு கெடக்கு. அஞ்சும் அப்படித்தான். மண்ணு ஈரம். எனக்கு வந்துச்சே கோவம்!

"யாருங்க இதுக்குத் தண்ணி ஊத்தனது? படிச்சிப் படிச்சி சொன்னேன் இல்ல?"

"நான்தான். எப்படிச் சுருங்கிப் போச்சி, பாவமா இருந்தது."

"பெரிய பாவம் பாக்க வந்துட்டாரு! மூணு வருஷம் வளத்தேன். குழாய்கிட்ட போவ மட்டும் தெம்பு வந்துச்சா?"

"குழாய்க்கு ஏன் போறேன்? என் பாட்டில்லருந்துதான் ஊத்தினேன். தொட்டிக்கு ஒரு மூடி, தினம்."

கையில இருந்த துணியை ஜன்னல்லயே வச்சிட்டேன்.

"நானாவது உன்கிட்ட கேட்டுகினு இருக்கேன்"னார். "அதுக்குக் கேக்கவும் தெரியாது இல்ல."

தொட்டிங்களை வாரிகினு மாடிக்குப் போய், அவருக்குக் கேக்காத மாதிரி அழுதேன். கீழ வந்தப்ப பாட்டில் காலி. அன்னிக்குச் செடிக்கு ஊத்தினதை அவர் குடிக்கல இல்லியா, அந்தக் கணக்குக்கு டம்ளர்ல அஞ்சு மூடி அளந்து ஊத்திக் குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டு டம்ளரை நீட்டினார்.

அதுக்குமேல நான் குடுக்கல.