‘அழிக்கவா?’ என்று கேட்ட பெட்டி

இதுவரை எனக்குச் சாவுச் செய்திகள் எல்லாம் காது வழியாகத்தான் வந்திருக்கின்றன. யாராவது வாசலில் வந்து நின்று சொல்வார்கள், அல்லது போனில் அழுவார்கள். பிலோமினா இறந்த செய்தி மட்டும் கண் வழியாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை கேப்பைக் கூழ் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் எழுத்து வந்தது. அனுப்பியவர் அவர் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ‘பி, லோ, மி, னா’ என்று வந்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்து ‘கா, ல’ என்று வந்தது. நல்ல காலம் பிறந்து, மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த கடையைத் திறக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் மீதி எழுத்துகளைப் படித்தேன். காலமானார். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு நொடியில் தெரிந்திருக்கும். எனக்கு அந்தச் சொல்லின் பாதி வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். பிலோமினாவின் அண்ணன் என்னிடமும் கேட்டார். “நீங்க வாயால சொல்லுங்க பெரியவரே, நாங்க எழுதிக்கிறோம்” என்றார். முடியாது, நானேதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு நாளாக எழுதுகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. முகையூர்ப் பக்கம் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைக்கிறவன். போன வருஷம் வரை கைநாட்டு. திண்டிவனத்தில் பிலோமினாவின் ரேடியோ பழுது பார்க்கும் கடை பெஞ்சில் உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் என்னை என்ன பாடு படுத்தினார் என்பது தெரியாது. அதைச் சொல்கிறேன்.

என் மகள் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் எனக்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளேயர் வாங்கிக் கொடுத்திருந்தாள். நகம் அளவு அட்டை ஒன்றைச் சொருகினால் பாடும். ஒரு நாள் மத்தியானம் விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைக்கப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். யார் கை பட்டதோ, சிவப்புப் பொத்தான் அமுங்கி அவர்கள் பேச்செல்லாம் அதில் பதிந்துவிட்டது. என் மனைவி பச்சையம்மாள் பேசுகிறாள்: “எங்க வூட்டு ஆளு பாம்பக் கையால புடிச்சு வீசும்டி. பஸ் போர்டப் பாத்தா மட்டும் பயந்துக்கும். விழுப்புரம் போறேன்னு கெளம்பி, அமாவாசைக் கூட்டத்தோட கூட்டமா ஏறி, மேல்மலையனூர் போய் அங்காளம்மாவப் பாத்துட்டு வந்துச்சு!” எல்லோரும் சிரிக்கிறார்கள். நடுவே ஓடு உடைகிற சத்தம். அடுத்த ஆடியில் பச்சையம்மாள் போய்விட்டாள். அவள் குரல் அந்த அட்டையில் மட்டும்தான் இருந்தது.

ஒரு நாள் பிளேயர் பாடாமல் நின்றது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. விழுப்புரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் திரையைப் பார்த்துவிட்டு, “அழிச்சிட்டா நல்லா ஓடும், அழிச்சிடவா?” என்று கேட்டுக்கொண்டே கட்டை விரலைப் பொத்தான் மேல் வைத்தான். நான் பிடுங்கிக்கொண்டு நேராகத் திண்டிவனம் பஸ் ஏறினேன். பஸ் எது என்று நாலு பேரிடம் கேட்டுத்தான் ஏறினேன். மகள்தான் பிலோமினா கடையைக் காட்டினாள்.

பிளேயரை நீட்டினேன். பிலோமினா கையில் வாங்கவே இல்லை.

“இன்னா எழுதிக் காட்டுது?” என்றார்.

“கண்ணாடி கொண்டாரலைமா.”

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே முழுக்கப் பழைய மூக்குக் கண்ணாடிகள். “இந்த மாசம் கண்ணாடி கொண்டாராதவங்கள்ல நீங்க அஞ்சாவது ஆளு நைனா. எது சரியா இருக்குதோ போட்டுக்கினு படிங்க.”

ஒன்று போட்டேன். இரண்டாவது போட்டேன். மூன்றாவதற்கு ஒரு காது இல்லை. நாலாவதை எடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அதுவும் சரியில்லையா?”

“கண்ணு நல்லாத்தாமா இருக்குது. ஏரிக்கு அந்தாண்ட நிக்கிற கொக்க எண்ணிச் சொல்லுவேன். எழுத்துதான் தெரியாது.”

எழுபது வருஷம் வெளி ஆட்களிடம் ஒளித்து வைத்திருந்ததை டப்பாவோடு அங்கே கொட்டிவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. “அப்போ ரெண்டு பழுது. ரெண்டையும் பாத்துடலாம்” என்றார்.

அட்டையை வெளியே எடுத்து, அதன் மஞ்சள் கோடுகளைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். எழுதினதை அழிக்கிற ரப்பர்தான். ஊதிவிட்டுச் சொருகினார். பிடிக்கவில்லை. மறுபடி தேய்த்தார். நாலாவது தடவை பச்சையம்மாள் பேசினாள். கடையில் இருந்த ஒருவர் மேல்மலையனூர்க் கதையைக் கேட்டுச் சிரித்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

பழையது இனித் தாங்காது என்று எல்லாவற்றையும் ஒரு புது அட்டையில் ஏற்றினார். நான் கையை நீட்டினேன். அவர் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“இதுவும் ஒரு நாள் மக்கர் பண்ணும். அப்போ ‘அட்டையில் பிழை, அழிக்கவா?’ன்னு கேக்கும். கீழ ரெண்டு வார்த்த இருக்கும். எது ஆம், எது இல்லைன்னு படிச்சிக் காட்டிட்டு எடுத்துக்கினு போங்க. குரல் கேக்கணும்னா வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க வந்து கேளுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “எம் பொருள நீ யாரும்மா பூட்டி வைக்கிறதுக்கு? போலீசுக்குப் போவேன்” என்று கத்தினேன்.

“போங்க. அங்க எழுதித் தரச் சொல்லுவாங்க” என்றார்.

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு காரணம் சொன்னார். செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருவர் மகன் பேசிய பேச்சை இப்படித்தான் வைத்திருந்தாராம். பெட்டி கேள்வி கேட்கிறது என்றே தெரியாமல் ஆம் என்று அமுக்கிவிட்டாராம். “இதோ இந்த பெஞ்சுலதான் உக்காந்து அழுதாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. இன்னொரு ஆள அப்டிப் பாக்க மாட்டேன் நைனா.” அடுத்த வியாழக்கிழமை போனேன்.

பிலோமினா ‘அ’னாவில் தொடங்கவில்லை. பேட்டரி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் முதலில் ‘இல்லை’ என்று எழுதினார். “ஆமாம்னு சொல்றதுக்குப் படிப்பு எதுக்கு? நீங்க வெச்ச கைநாட்டு எல்லாம் ஆமாம்தானே. இல்லைன்னு சொல்லத்தான் படிக்கணும்” என்றார். அதை நான் பஸ்ஸிலும் வரப்பிலும் யோசித்தேன். எத்தனை தாளில் விரல் வைத்திருக்கிறேன்! ஒன்றில்கூட இல்லை என்று வைத்ததில்லை.

ஊரில் சிரித்தார்கள். என் தம்பி மகன், “இன்னா பெரிப்பா, கலெக்டர் பரீட்சையா?” என்றான். “ஆமாண்டா. பாஸ் பண்ணிட்டு வந்து மொதல்ல உன்னத்தான் கேள்வி கேப்பேன்” என்றேன்.

ஐந்தாவது வியாழக்கிழமை நான் ஒரு தந்திரம் செய்தேன். பிளேயரில் எப்போதும் இடது பக்கம் ஆம், வலது பக்கம் இல்லை. இது போதாதா? நிறத்தைப் பார்த்துப் பஸ் ஏறி, காசின் வளையத்தைப் பார்த்துச் சில்லறை எண்ணி வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரிந்துவிட்டது, என் அட்டையைக் கொடு என்று மார்தட்டினேன். பிலோமினா இழுப்பறையைத் திறந்து, அட்டை சொருகிய ஒரு பிளேயரை என் கையில் வைத்தார். ‘அழிக்கவா?’ என்று கேட்டது. நான் ஜல்தியாக வலது பக்கத்தை அமுக்கினேன். திரையில் ஒரு கோடு ஓடி முடிந்தது.

“அழிஞ்சி போச்சு” என்றார்.

அது வேறு பிளேயர். அதில் இரண்டு சொல்லும் இடம் மாறியிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தேன். பச்சையம்மாள் இரண்டாவது முறை செத்தாள், இந்த முறை என் விரலால். அப்படித்தான் தோன்றியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அது காலி அட்டை நைனா. உங்களுது பத்திரமா இருக்குது. நீங்க எடத்தப் படிச்சீங்க, எழுத்தப் படிக்கல.”

வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வெளியே வந்தேன். இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயிலில் நின்று பார்த்தேன். திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் அட்டைத் துண்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு டீயும்.

ஏழாவது வியாழக்கிழமை நாலு பிளேயர்களில் நாலு விதமாகக் கேட்டார். எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலிலும் இல்லை என்றே அமுக்கினேன். பூட்டைத் திறந்து என் அட்டையைக் கொடுத்தார். நான் அவரைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தேன். அட்டையை என் பிளேயரில் சொருகி, சிவப்புப் பொத்தானை அமுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் அடுத்த ஆளோடு பேசுவதைப் பிடித்துக்கொண்டேன். அன்று திரும்பும்போது யாரையும் கேட்காமல் பஸ் ஏறினேன். விழுப்புரம். ஆறு எழுத்து. கண்டக்டரிடமும் படித்துக் காட்டினேன்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது மிகவும் இளைத்திருந்தார். வயது ஐம்பத்தைந்துகூட இல்லை. ஆஸ்பத்திரித் தாள்கள் மேசை மேல் இருந்தன. “வூட்டுல மறைக்கப் பாத்தாங்க நைனா. நானே படிச்சிட்டேன். என்னா வந்திருக்குதுன்னு தெரிஞ்சிக்கினு இருக்கறதுதான் மருவாதி” என்றார். சொல்லிவிட்டு யாரோ ஒருவரின் ரேடியோவைத் திறந்தார். நான் அழப் பார்த்தேன். “கண்ணாடி வேணுமா?” என்று டப்பாவைத் தட்டினார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறையில் அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். பின்னால் நின்றவர்கள் காத்திருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் கடையைத் திறந்தபோது, இழுப்பறையிலிருந்து அந்த ரப்பர்த் துண்டை எடுத்துக்கொண்டேன்.

நேற்று இதை எழுதி முடிக்குமுன் அவர் குரலைக் கேட்கலாம் என்று பிளேயரைப் போட்டேன். பாடவில்லை. அவர் சொன்ன நாள் வந்துவிட்டது. ‘அட்டையில் பிழை. அழிக்கவா?’ இரண்டு பெண்களும் அதற்குள் இருக்கிறார்கள். தம்பி மகன் எட்டிப் பார்த்து, “போச்சு பெரிப்பா, அழிச்சிட்டுப் புதுசா ஏத்திக்கலாம், குடுங்க” என்றான். கையைத் தட்டிவிட்டேன். எந்தப் பக்கம் எது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு சொல்லையும் வாய்விட்டுப் படித்தேன். பிறகு அமுக்கினேன். அட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்தேன், ஊதினேன், சொருகினேன். மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். எத்தனை தடவை கேட்டது என்று எண்ணவில்லை. அதற்குச் சலித்ததே தவிர எனக்குச் சலிக்கவில்லை.

ஓடு உடைகிற சத்தம் கேட்டது. “பஸ் போர்டப் பாத்தா மட்டும் பயந்துக்கும்” என்றாள் பச்சையம்மாள். “இப்போ கேட்டுப் பாருடி” என்றேன். அவளுக்குப் பின்னால் பிலோமினா யாரையோ கேட்கிறார்: “கண்ணாடி கொண்டாரலையா? இந்தாங்க டப்பா.”

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு ரப்பர்த் துண்டும் ஒரு சொல்லும். ரப்பர் தேய்ந்து போகும். சொல்லைக் கீழே என் கையால் எழுதியிருக்கிறேன். அழிக்கவா என்று யார் கேட்டாலும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும், படித்துப் பார்த்துவிட்டே சொல்வேன்.

இல்லை.